பழைய தேயிலைப் பெட்டிக்கு கிமோனோத் துணி போர்த்துவது எப்படி?

நிஷிகசாய்வாசி:

வணக்கம் தோழிகளே. எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் இருந்த பாட்டி மகள் வீட்டோடு போய்விட்டார். வீட்டைக் காலி செய்யும்போது கழித்துப் போடும் சாமான்களோடு ஒரு தேயிலைப் பெட்டியும் கீழே வந்தது. சாபாக்கோ என்பார்களே, அதுதான். கேட்டவுடன் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்.

பெட்டி சுகி என்ற ஜப்பானியத் தேவதாரு மரப் பலகையில் செய்தது. உள்ளே முழுக்கத் தகரம். வெளியே பலகை சேரும் மூலைகளில் எல்லாம் காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறது, இரண்டு இடத்தில் அது உரிந்து தொங்குகிறது. அளந்து பார்த்தேன். நீளம் 66 செ.மீ., அகலம் 45, உயரம் 47. மூடி பெட்டியின் மேல் கவிந்து 10 செ.மீ. கீழே இறங்குகிறது. ஒரு பக்கத்தில் மையால் தூரிகை எழுத்து இருக்கிறது. தகரத்தில் அங்கங்கே வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது.

இதில் என் பட்டுப்புடவைகளை வைக்க ஆசை. ஜூன் மாத மழை வந்தாலே எங்கள் அலமாரியில் பூஞ்சை வாசம் அடிக்கும். சும்மா வைக்காமல் துணி போர்த்தி கூடத்திலேயே வைக்கலாம் என்று நினைக்கிறேன். கையில் இருக்கிற துணி: ஓரம் நைந்த நீலநிறக் கசுரிப் பருத்திக் கிமோனோ ஒன்று. இங்கே டோக்கியோவில் செதகாயா போரோஇச்சி சந்தையில் வாங்கிய நகோயா ஒபி ஒன்று (ஒபி என்றால் கிமோனோ மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் அகலப் பட்டை), தந்த நிறத்தில் சாமந்திப்பூ போட்டது, ஒரு முனையில் பெரிய கறை. அப்புறம் அலுவலகத் தோழியின் அம்மா கொடுத்த ஃபுகுரோ ஒபி, தங்க இழை ஓடுவது, புத்தம் புதிதுபோல் இருக்கிறது.

மர ஒட்டுப் பசை தடவி ஒட்டலாமா? வீட்டுக்காரர் இருபக்க டேப் வாங்கி வந்திருக்கிறார். எந்த ஒபியை வெட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஷிசுவோகாமலர்:

அந்த எழுத்து பெரும்பாலும் தேயிலைக் கடையின் பெயராகவோ ஊர்ப் பெயராகவோ இருக்கும். படம் எடுத்துப் போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.

நான் இருக்கும் பக்கம் ஓய் ஆற்றங்கரையில் கவானே என்ற ஊர் இருக்கிறது. தேயிலைக்கும் பெயர் போனது, சுகி மரத்துக்கும் பெயர் போனது. இந்தப் பெட்டிகளை இன்னும் கையால் செய்கிறார்கள். முன்பெல்லாம் தேயிலை வியாபாரி வாங்குவார். அட்டைப்பெட்டியும் அலுமினியப் பையும் வந்த பிறகு வீட்டுக்காரர்கள்தான் அரிசி வைக்க, துணி வைக்க, பெண் குழந்தைகள் திருநாளுக்கு அடுக்கும் ஹினா பொம்மை வைக்க என்று வாங்குகிறார்கள். எத்தனை கிலோ தேயிலை கொள்ளும் என்பதுதான் அளவுக் கணக்கு. சின்னப் பெட்டிகளும் கிடைக்கும். கை பழக வேண்டுமென்றால் முதலில் சின்னது ஒன்றில் செய்து பாருங்கள்.


ஊசிநூல்:

தோழி, பசையையும் டேப்பையும் எடுத்து உள்ளே வையுங்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

நான் யோகோஹாமாவில் குடியிருந்தபோது பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். டோக்கியோவில் இருந்த வெளிநாட்டுப் பெண்கள் சோஃபாத் துணி போர்த்தி இதைப் பரப்பினார்கள் என்று அவர் சொல்வார். சோஃபாத் துணி தடிமன், அகலம், எதையும் தாங்கும். பழைய கிமோனோத் துணி அப்படி இல்லை. ஐம்பது அறுபது வருடம் ஒருவர் உடம்பில் இருந்து, பெட்டியில் இருந்து, சந்தைக்கு வந்து நம் கைக்கு வந்திருக்கிறது. நமக்குப் பிறகும் அதற்கு ஒரு வேலை இருக்கும். அதனால் நான் பிடிவாதமாக வைத்திருக்கும் ஒரே விதி, பெட்டியில் போர்த்திய துணி என்றைக்காவது முழுசாகக் கழற்ற வர வேண்டும் என்பதுதான். மர ஒட்டுப் பசை மெல்லிய துணியில் ஊறி முன்பக்கம் கறையாகத் தெரியும். இருபக்க டேப் நாளாவட்டத்தில் மஞ்சளாகிப் பிசினாக இறங்கும். இரண்டும் திரும்பிப் போக வழியில்லாதவை.

எந்த ஒபி என்று கேட்டிருந்தீர்கள். தங்க இழை ஒபியில் கத்தரி படவே வேண்டாம். நன்றாக இருக்கிற ஃபுகுரோ ஒபியை இன்னொருவர் கல்யாணத்துக்குக் கட்டலாம். கறை பட்ட நகோயா ஒபிதான் இதற்கு ஏற்றது. அதிலும் முழு நீளத்துக்கும் பூ இருக்காது, பாருங்கள். முதுகுப் பக்கம் சதுரமாகத் தெரியும் இடத்தில் ஒரு பெரிய பூ, வயிற்றுப் பக்கம் ஒரு சின்னப் பூ, மற்றதெல்லாம் வெறும் நெசவு என்றுதான் பல ஒபிகள் இருக்கும். அந்தப் பெரிய பூ உங்கள் மூடியின் நடுவில் வர வேண்டும். அதற்கு 75 செ.மீ. போதும். கறை முனை எங்கேயோ இருக்கட்டும்.

கசுரி உண்மையான கசுரிதானா என்று திருப்பிப் பாருங்கள். நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் போடுவதால் இரண்டு பக்கமும் வடிவம் ஒரே அழுத்தத்தில் தெரியும். அச்சுத் துணி என்றால் பின்பக்கம் வெளிறி இருக்கும். குருமே பக்கத்துக் கசுரியாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1788-இல் பிறந்த இனோவே டென் என்ற பெண், சிறுமியாக இருந்தபோதே கண்டுபிடித்து ஊருக்குச் சொல்லிக்கொடுத்த நெசவு அது. உழைப்புக்கென்றே பிறந்த பருத்தி. பெட்டியின் உடம்புக்கு இதைவிட நல்ல துணி கிடையாது.

கிமோனோவைப் பிரிப்பதை அவசரப்படாமல் செய்யுங்கள். தையல் பிரிக்கும் சின்னக் கத்தி 100 யென் கடையில் கிடைக்கும். நூலைப் பிடித்து இழுக்காதீர்கள், நாலைந்து தையலுக்கு ஒரு தடவை அறுத்துவிட்டுப் பின்பக்கமிருந்து உருவுங்கள். பிரித்து முடித்ததும் ஆச்சரியப்படுவீர்கள். எங்கேயும் வளைவு வெட்டு இருக்காது. எல்லாம் நேர்ப் பட்டைகள். இரண்டு நீளப் பட்டை, முன்னும் பின்னும் தோளில் தையலே இல்லாமல் ஒரே ஓட்டமாக வரும், ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்குக் குறையாது. கைக்கு இரண்டு. அப்புறம் பாதி அகலத்தில் முன் ஓரத்துக்கு இரண்டு, கழுத்துப் பட்டை. பிரித்து, துவைத்து, மறுபடி சேர்த்துத் தைப்பதற்காகவே அப்படி வெட்டியிருக்கிறார்கள்.

கசுரியைக் குளிர்ந்த நீரில் தனியாக அலசுங்கள். நீலம் கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசி நிழலில் காயப்போட்டு, ஈரம் லேசாக இருக்கும்போதே பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். ஒபியைத் தண்ணீரில் போடாதீர்கள், பட்டும் இழையும் சுருங்கிவிடும்.

இப்போது கணக்கு. இங்கேதான் பலர் திணறுவார்கள், ஏனென்றால் ஜப்பானியத் துணி நம்முடையது மாதிரி அகலம் கிடையாது. கிமோனோப் பட்டை 36 செ.மீ. சுற்றி இருக்கும், தையலுக்குப் போக 34. ஒபி 31. உங்கள் பெட்டியின் சுற்றளவு 222. மூடிக்குக் கீழே கண்ணில் தெரியும் உயரம் 37. பட்டையைப் படுக்கையாகச் சுற்றினால் உயரம் போதாது. அதனால் நிற்கவைத்து இணைக்க வேண்டும். 43 செ.மீ. துண்டுகள் ஏழு வெட்டினால் மூன்று மீட்டர் சொச்சம் ஆகும். ஒரே நீளப் பட்டையிலிருந்து ஏழும் கிடைத்துவிடும். நைந்த இடம் குறுக்கே வந்தால் அதை விட்டுவிட்டு இரண்டாவது பட்டையிலிருந்து எடுங்கள். முன்பக்கம் 66-க்கு நடுவில் ஒரு முழுத் துண்டு வரட்டும், இரண்டு பக்கமும் பதினாறு பதினாறு அடுத்த துண்டு வரும். நடுவில் தையல் விழுந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். மிச்சம் வருவது பின் மூலைக்குப் போகட்டும்.

மூடிக்கு நடுவில் ஒபி, இரண்டு பக்கமும் இரண்டாவது பட்டையிலிருந்து ஒவ்வொரு கசுரித் துண்டு, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் ஒரே துணி. சாமந்திக்கு இரண்டு பக்கமும் நீலம் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! ஒபிக்குப் பின்னால் மெல்லிய ஃபியூசிங் கேன்வாஸை (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உட்துணி) குறைந்த சூட்டில் ஒட்டிவிட்டுத் தையுங்கள், நெசவு இழை பிரியாது. இது ஒன்றுதான் நான் பசைக்கு விட்டுக்கொடுக்கும் இடம்.

ஒபியைப் பிரிக்கும்போது உள்ளே தடிமனான பருத்தித் துணி ஒன்று வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டிக்கும் கசுரிக்கும் நடுவில் போட மெத்தென்று அதைவிட நல்லது கிடையாது. கடையில் விற்கும் பஞ்சு விரிப்பு தடிமனாக இருந்தால் பெட்டி உப்பிப்போய்த் தெரியும்.

அடிக்கும் வேலைக்கு டாக்கர் வேண்டும், பலகையில் ஸ்டேப்பிள் ஊசி அடிக்கும் கருவி அது, ஹோம் சென்டரில் கிடைக்கும். ஊசி 6 மி.மீ. போதும், துருப்பிடிக்காத எஃகு என்று பார்த்து வாங்குங்கள். சுகி மென்மையான மரம், நீள ஊசி போட்டால் பலகையைத் தாண்டித் தகரத்தைத் துளைத்துவிடும். தகரத்தில் ஓட்டை விழுந்தால் பெட்டி வெறும் மரப்பெட்டிதான்.

மூடி கவிந்து இறங்கும் பகுதியில் துணியே வரக்கூடாது. அரை மி.மீ. தடித்தாலும் மூடி சிக்கிக்கொள்ளும். மூடியை மூடி வைத்து அதன் ஓரத்தை ஒட்டிப் பெட்டியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு 2 மி.மீ. கீழே துணி தொடங்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். ஏழு துண்டையும் சேர்த்துத் தைத்த நீளத் துணியை நல்ல பக்கம் மரத்தைப் பார்க்க, தலைகீழாக, கோட்டுக்கு மேலே நிற்கிற மாதிரி வையுங்கள். துணியின் ஓரம் மட்டும் கோட்டுக்குக் கீழே ஒன்றரை செ.மீ. இறங்கி இருக்கட்டும். அந்த ஓரத்தின்மேல் ஒரு செ.மீ. அகலத்தில் வெட்டிய கெட்டி அட்டைப் பட்டையை, அதன் மேல் விளிம்பு நீங்கள் குறித்த இடத்தில் சரியாக நிற்கும்படி வைத்து டாக்கரால் அடியுங்கள். மூன்று செ.மீ.க்கு ஒரு ஊசி. சுற்றி முழுக்க அடித்துவிட்டு, பருத்தியை அட்டைக்குக் கீழே பொருத்தி, துணியைத் தலையணை உறையைத் திருப்புவதுபோல் கீழே இழுத்துவிடுங்கள். அட்டையின் விளிம்பில் துணி கத்தி வைத்த மாதிரி மடிந்து நிற்கும், ஊசி ஒன்றுகூட வெளியே தெரியாது. கீழே பெட்டியின் அடிப்பலகைக்கு மடித்து அங்கே அடித்துவிடலாம். அடியில் எத்தனை ஊசி இருந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்? பின் மூலையில் திறந்து விட்ட தையலை வளைந்த ஊசியால் கண்ணுக்குத் தெரியாத தையலாக மூடுங்கள். கழற்ற வேண்டுமென்றால் அந்த ஒரு தையலைப் பிரித்து ஊசிகளைப் பிடுங்கினால் போதும், துணி முழுசாக வந்துவிடும்.

இதெல்லாம் பெட்டி சரியாக இருந்தால்தான். வெள்ளைப் பொடியைப் பற்றிக் கவலை வேண்டாம், தகரத்தின் மேல் பூசிய துத்தநாகம் காற்றும் ஈரமும் பட்டுப் பூப்பது அது. ஈரத்துணியால் துடைத்து உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பூச்சு போய்விடும், பழைய பற்றவைப்பில் ஈயமும் இருக்கும். சிவப்புத் துரு இருந்தால் மட்டும் சொல்லுங்கள், அது வேறு கதை. உரிந்த காகிதத்தை வாஷி என்ற ஜப்பானியக் காகிதம் வைத்துக் கோதுமைப் பசையால் ஒட்டிவிடுங்கள். அது அலங்காரம் இல்லை, பலகை இணைப்பு வழியே காற்று நுழையாமல் காப்பது அதுதான். துணி போர்த்துவதற்கு முன்னால் மூடியைத் திறந்து நிழலில் சில நாள் வைத்து வாசம் போக விடுங்கள்.

கடைசியாக அந்த எழுத்துப் பக்கம். நான் அதை மூடமாட்டேன்.


கியோத்தோவாசி:

ஊசிநூல் அக்கா, அட்டைப் பட்டை வைத்து மடிக்கும் முறை எனக்குப் புதுசு. நான் இதுவரை மேல் ஓரத்தில் நாடா வைத்து மறைத்துக்கொண்டிருந்தேன். ஒபியின் மேல் கட்டும் ஒபிஜிமே கயிறு இருக்கிறதே, தட்டையாகப் பின்னியது, அதைத்தான் நாடாவாக வைப்பேன். அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

துணி தேடுகிறவர்களுக்கு: கியோத்தோ பக்கம் வந்தால் மாதம் 21-ஆம் தேதி தோஜி கோவில் சந்தை, 25-ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு சந்தை. காலையிலேயே போங்கள். பிரித்த கிமோனோப் பட்டைகளைச் சுருட்டிக் கட்டி வைத்திருப்பார்கள், முழுக் கிமோனோவைவிட மலிவு. மெய்சென் பட்டு நிறைய வரும், இசெசாகி, சிச்சிபு பக்கத்து நெசவு. நிறம் ஆளை மயக்கும். ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். குறுக்காக லேசாக இழுத்தாலே கிழியும் பட்டும் அதில் இருக்கிறது.

எனக்கு ஒரு கேள்வி. அம்மாவின் பழைய காஞ்சிபுரம் புடவை, முந்தானை கிழிந்தது. அதை இப்படிப் பெட்டிக்குப் போட்டால் ஜப்பானியப் பெட்டிக்குப் பொருந்தாமல் இருக்குமோ என்று தயங்குகிறேன்.


ஊசிநூல்:

கியோத்தோவாசி, தயங்கவே வேண்டாம். டச்சுக் கப்பலில் நாகசாகி வந்து இறங்கிய சரக்கில் சோழமண்டலக் கரைத் துணியும் இருந்தது. பூப்போட்ட சாயத்துணி, கோடு போட்ட பருத்தி எல்லாம் வந்தது. தேநீர்ச் சடங்குக்காரர்கள் சின்னத் துண்டு கிடைத்தாலும் பொக்கிஷமாக வைத்துத் தேயிலைக் குடுவைக்குப் பை தைத்தார்கள், பாத்திரம் சுற்றினார்கள். தேயிலைக்கும் நம் கரைத் துணிக்கும் இந்த ஊரில் பல நூறு வருடச் சொந்தம். உங்கள் அம்மாவின் புடவை தாராளமாக உட்காரலாம்.

புடவையின் உடல் அகலம் ஒரு மீட்டருக்கு மேல் இருப்பதால் இணைப்புத் தையலே வேண்டாம், அது பெரிய வசதி. ஜரிகை மடிப்பில் ஒடியும், அதனால் கரையை மூலையில் மடிய விடாதீர்கள். மூடியின் நடுவில் தட்டையாகப் படுக்கட்டும். வெயில் விழும் ஜன்னலோரம் மட்டும் வைக்க வேண்டாம், பட்டு வெளிறிப் போகும். ஒபிஜிமே விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மெல்லிய துணியில் அட்டை முறை, தடித்த துணியில் உங்கள் முறை.


நிஷிகசாய்வாசி:

அக்கா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லித்தர மாட்டார்கள். மிக்க நன்றி. சிவப்புத் துரு எங்கேயும் இல்லை, பார்த்துவிட்டேன். எழுத்துப் பக்கத்தைப் பின்பக்கமாக வைத்து அங்கே மட்டும் துணி இல்லாமல் விடலாமா? அப்படிச் செய்தால் சுற்றி வருகிற துணியின் கணக்கு மாறுமே?

இன்னும் இரண்டு சந்தேகம். தோழியின் அம்மா ஒரு பட்டுக் கிமோனோவும் தருகிறேன் என்கிறார். உள்ளே லைனிங் அடர் சிவப்புப் பட்டு. அதை வைத்துப் பெட்டிக்குள் விரிப்பு தைக்கலாம் என்று தோன்றுகிறது. அப்புறம், உள்ளே பூச்சி மருந்து என்ன போடுவது? ஊரிலிருந்து அம்மா அனுப்பிய நாஃப்தலீன் உருண்டை இருக்கிறது. இங்கே வாங்கிய கற்பூர மருந்தும் இருக்கிறது.


ஷிசுவோகாமலர்:

நடுவில் ஒரு வார்த்தை. தூரிகை எழுத்து இல்லாமல் படத்தோடு ஆங்கில எழுத்து அச்சிட்ட காகிதம் ஒட்டிய பெட்டி யாருக்காவது கிடைத்தால் அதைத் துணியால் மூடாதீர்கள். யோகோஹாமா, கோபே, ஷிமிசு வழியாக அமெரிக்காவுக்குப் போன தேயிலைக்கு ஒட்டிய சீட்டு அது. மரக்கட்டை அச்சுக் கைவினைஞர்கள் செய்த வேலை. ஷிமிசுவிலிருந்து நேரடியாகத் தேயிலைக் கப்பல் கிளம்பியது 1906-இல். சீட்டு ஒட்டிய பெட்டியை அப்படியே வைத்திருப்பதுதான் அழகு.


ஊசிநூல்:

சீட்டு விஷயத்தில் ஷிசுவோகாமலர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

எழுத்துப் பக்கத்தைப் பின்னால் தள்ளாதீர்கள் தோழி. முன்னால் வையுங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் துணி முன்னால்தான் வேண்டும் என்று ஆசை இருந்தால் பின்பக்கம் விடலாம். எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அதை மட்டும் விட்டு மற்ற மூன்று பக்கமும் ஒரே துணி. 66 பக்கம் என்றால் மிச்சம் 156 செ.மீ., ஐந்து துண்டு போதும். திறந்த இரண்டு ஓரத்திலும் மேலே செய்த அதே அட்டைப் பட்டை முறையில் ஒரு பக்கம் தொடங்கலாம். மறுபக்கம் துணியை உள்மடித்து, தட்டை நாடா வைத்துச் சின்ன ஆணியால் அடியுங்கள். கியோத்தோவாசியின் ஒபிஜிமே அங்கே சரியாகப் பொருந்தும்.

சிவப்பு லைனிங்கைப் பெட்டிக்குள் போடவே போடாதீர்கள். பழைய கிமோனோவின் அந்தச் சிவப்பு குசும்பப்பூச் சாயமாக இருக்கலாம், கொஞ்சம் ஈரம் பட்டாலே இறங்கும். வெள்ளைப் புடவைமேல் ஒட்டினால் போகாது. அதே காரணத்துக்காக அதை ஒபிக்குப் பக்கத்தில் வைத்து ஈர இஸ்திரியும் போடாதீர்கள். பெட்டிக்குள் வெளுக்காத பருத்தி விரிப்பு போதும். புடவையை ஒவ்வொன்றாக மல்துணியில் சுற்றி, தகரத்தில் நேராகப் படாமல் வையுங்கள். ஜரிகை தகரத்தோடு உரசிக்கொண்டு கிடப்பது நல்லதில்லை.

மருந்து விஷயத்தில் கவனம். நாஃப்தலீனையும் கற்பூரத்தையும் ஒரே பெட்டியில் போடக்கூடாது. இரண்டின் ஆவியும் கலந்தால் உருண்டை உருகித் துணியில் எண்ணெய்க் கறை மாதிரி இறங்கும். இங்கே கடையில் விற்கும் பாராடைகுளோரோபென்சீன் வகையை இவற்றோடு சேர்த்தாலும் அதே கதை. அது தங்க, வெள்ளி இழைக்கும் ஆகாது, பாக்கெட்டிலேயே எழுதியிருப்பார்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். என் பெட்டியில் கற்பூரம் மட்டும், துணியில் சுற்றி, புடவைகளுக்கு மேலே, ஜரிகையில் படாமல். ஆவி கீழ்நோக்கித்தான் இறங்கும். வாசனையே வேண்டாம் என்றால் பைரெத்ராய்டு வகை வாங்குங்கள்.

புடவையை உள்ளே வைக்கும் நாளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெளி ஈரத்தை உள்ளே விடாத பெட்டி, உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது. டோக்கியோவில் ஜனவரி, பிப்ரவரியில் காற்று நன்றாக வறண்டு இருக்கும். மழை பெய்து மூன்று நாளாவது ஆன வெயில் நாளில் புடவைகளை நிழலில் மதியம்வரை விரித்து உலர்த்தி, வெயில் இறங்குவதற்குள் மடித்து உள்ளே வைத்து மூடிவிடுங்கள். மழைக்காலம் முடியும்வரை திறக்காதீர்கள்.